ஒரே மருந்து, இருவருக்கு இரு விதமான வலி: பிரசவத்தின்போது கருப்பைத் தசையின் மரபணுக்களில் என்ன மாறுகிறது?

சிப்புட் டீச்சர் (சுங்கை சிப்புட், பேராக்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஓர் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். அண்மையில் என் அக்காவுக்குத் தலைப்பிரசவம் ஆனது. குறித்த தேதி கடந்தும் இடுப்பு வலி காணாததால் அவரை மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் கருப்பை வாய் இளகுவதற்கு மருந்து வைத்து, பிறகு பனிக்குடத்தை உடைத்து, டிரிப்பில் ஆக்சிடோசின் ஏற்றினார்கள். வலி வருவதும் அடங்குவதுமாகவே இரவு முழுவதும் கழிந்தது. பக்கத்து அறையில், மூன்றாவது பிள்ளைக்காகத் தோட்டப்புறத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணுக்கு, அதே மருந்தை ஏற்றிய சிறிது நேரத்திலேயே வலி ஒழுங்காகப் பிடித்து, விடிவதற்குள் குழந்தையும் பிறந்துவிட்டது. அக்காவுக்கு மறுநாள் மாலையில்தான் பிறந்தது. தாயும் சேயும் நலமாக இருக்கிறார்கள்.

மருத்துவர் அக்காவிடம், மருந்தில் குறை ஒன்றுமில்லை, கருப்பைத் தசைதான் இன்னும் மருந்தை ஏற்கும் நிலைக்கு வரவில்லை என்று பொறுமையாக விளக்கியிருக்கிறார். நான் அதைப் பற்றித் தேடிப் படித்தபோது, பிரசவம் நெருங்கும் வேளையில் கருப்பைத் தசையின் மரபணு வெளிப்பாடு மாறுகிறது என்ற செய்தி திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. நம் உடலின் செல்கள் எல்லாவற்றிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அப்படியானால் ஒன்பது மாதம் அடங்கிக் கிடக்கும் தசையில் கடைசியில் மாறுவது எது? அந்த மாற்றம் ஒருவருக்கு முன்னதாகவும் இன்னொருவருக்குப் பிந்தியும் வருவது எதனால்?

என் அம்மா ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். மாதம் நிறைந்தும் வலி வராத பெண்களுக்கு அந்தக் காலத்து மருத்துவச்சி விளக்கெண்ணெய் கொடுப்பார் என்றும், கொடுத்தவுடன் வலி கண்டுவிடும் என்றும் அவர் உறுதியாகச் சொல்கிறார். அதற்கு அறிவியல் அடிப்படை ஏதேனும் உண்டா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மூலக்கூறு (பினாங்கு) எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். கருப்பைத் தசைச் செல்களை வளர்த்து ஆராயும் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக வேலை செய்கிறேன். நாள்தோறும் நான் பார்க்கும் பொருள் இது என்பதால் சற்று விரிவாகவே எழுத அனுமதியுங்கள்.

அந்த மருத்துவர் சொன்னது சரி. ஆக்சிடோசின் 9 அமினோ அமிலங்களால் ஆன மிகச் சிறிய ஹார்மோன். பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதை ஹென்றி டேல் 1906இல் கண்டறிந்தார். அந்த ஹார்மோனை வின்சென்ட் டு விக்னோ 1953இல் ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கினார். 1955இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று டிரிப்பில் ஏறுவதும் அதே மூலக்கூறுதான். ஆனால் அது தசைச் செல்லுக்குள் நுழைந்து வேலை செய்வதில்லை. செல் சவ்வில் தனக்கென்று அமைந்த ஏற்பியில் (ஹார்மோனை உணரும் புரதத்தில்) வந்து அமர்ந்தால்தான் செல்லுக்குள் கால்சியம் பெருகும்; கால்சியம் பெருகினால்தான் மயோசின் இழைகள் ஆக்டின் இழைகளைப் பற்றி இழுக்க, தசை சுருங்கும். ஏற்பிகள் போதிய அளவில் இல்லாத தசையில் மருந்தின் அளவைக் கூட்டினாலும் பெரும் பயன் விளையாது. மனிதக் கருப்பைத் தசையில் இந்த ஏற்பிகளின் செறிவு கர்ப்பத்தின் இறுதியில் ஏறி, வலி தொடங்கும் வேளையில் உச்சத்தை எட்டுகிறது என்பதை ஆன்னா ரீட்டா ஃபூக்ஸும் அவருடைய குழுவினரும் 1982இல் காட்டினார்கள். ஹார்மோன் பெருகுவதைவிட, அதை உணரும் திறன் தசையில் பெருகுவதே பெரிய மாற்றம் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று.

இனி மரபணு. நீங்கள் கற்பிப்பதில் பிழை எதுவும் இல்லை, டி.என்.ஏ. வரிசை மாறுவதே இல்லை. ஒரு மரபணுவிலிருந்து எத்தனை ஆர்.என்.ஏ. படிகள் எடுக்கப்படுகின்றன, அவற்றிலிருந்து எவ்வளவு புரதம் உருவாகிறது என்பதே மாறுகிறது. மரபணு வெளிப்பாடு என்பது இதுதான். ஆக்சிடோசின் ஏற்பிக்கான மரபணு தாய்க்குப் பிறப்பிலிருந்தே இருக்கிறது. கர்ப்பத்தின் பெரும்பகுதியில் அது குறைவாகவே படியெடுக்கப்படுகிறது. இறுதியில் வேகம் கூடுகிறது. கருப்பையைச் சுருங்கத் தூண்டும் வேதிப்பொருளான புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கும் காக்ஸ்-2 நொதி, அந்தப் புரோஸ்டாகிளாண்டினை உணரும் ஏற்பி ஆகியவற்றின் மரபணுக்களும் அதே காலத்தில் ஏறுகின்றன.

இவற்றோடு ஏறும் இன்னொன்று கனெக்சின்-43. என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான புரதம் இது. கருப்பை கோடிக்கணக்கான தனித்தனிச் செல்களால் ஆனது. அவை ஆளுக்கொரு நேரத்தில் சுருங்கினால் வயிறு அவ்வப்போது இறுகுமே தவிர, குழந்தை கீழே இறங்காது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: ஆளுக்கொரு நிரையில் பால் வெட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்ல வேண்டுமானால் ஆளாளைத் தேடித்தான் போக வேண்டும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கூடி நிற்கும்போது ஒரே குரல் அனைவரையும் எட்டும். கனெக்சின் மூலக்கூறுகள் ஆறு சேர்ந்து அரை வாயிலாக அமைகின்றன. அடுத்தடுத்த இரு செல்களின் அரை வாயில்கள் இணையும்போது, மின் தூண்டல் நேரடியாகக் கடந்து செல்ல வழி பிறக்கிறது. பிரசவத்துக்குச் சற்று முன் எலியின் கருப்பைத் தசையில் இத்தகைய இணைப்புகள் பெருகுவதை 1977இல் கார்ஃபீல்டு குழுவினர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள்.

இவ்வளவையும் ஒன்பது மாதம் அடக்கி வைப்பது, கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன். இக்கருத்தை 1956இல் ஆர்பாட் சாப்போ வலுவாக முன்வைத்தார். எலியிலும் ஆட்டிலும் பிரசவத்துக்கு முன் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் சரிந்துவிடுகிறது. மனிதரிலோ குழந்தை பிறக்கும்வரை அந்த அளவு சரிவதில்லை. அப்படியிருந்தும், புரோஜெஸ்டிரோன் ஏற்பியைத் தடுக்கும் மிஃபெப்ரிஸ்டோன் என்ற மருந்தைக் கொடுத்தால் மனிதக் கருப்பையும் விழித்துக்கொள்கிறது. ஆகவே ஹார்மோன் அப்படியே இருக்க, அதற்குக் கீழ்ப்படியும் இயல்பைத் தசை இழக்கிறது என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த இழப்பிலும் மரபணு வெளிப்பாட்டுக்குப் பங்கு உண்டு. புரோஜெஸ்டிரோன் ஏற்பிக்கான ஒரே மரபணுவிலிருந்து ‘பி’ என்ற நீண்ட வடிவமும், முன்பகுதியில் 164 அமினோ அமிலங்கள் குறைந்த ‘ஏ’ என்ற வடிவமும் உருவாகின்றன. ‘பி’ வடிவம் ஓங்கியிருக்கும்வரை அழற்சி மரபணுக்கள் அடங்கியிருக்கின்றன. பிரசவம் நெருங்கும்போது ‘ஏ’ வடிவத்தின் விகிதம் கூடி, ‘பி’யின் வேலைக்கு இடையூறாகிறது. 2010இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு இதைவிட அழகானது. செப்-1, செப்-2 என்ற இரு புரதங்கள் கனெக்சின்-43, ஆக்சிடோசின் ஏற்பி ஆகியவற்றின் மரபணுக்களை அமுக்கி வைக்கின்றன. மிர்-200 என்ற நுண் ஆர்.என்.ஏ. (பிற மரபணுக்களின் வெளிப்பாட்டைக் குறைக்கும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ.) குடும்பம் அந்தச் செப் புரதங்களை அமுக்குகிறது. செப் புரதங்களோ பதிலுக்கு மிர்-200ஐ அமுக்குகின்றன. புரோஜெஸ்டிரோனின் பிடி இருக்கும்வரை செப் மேலோங்கி நிற்கும். பிடி தளர்ந்தால் மிர்-200 ஏறும், செப் இறங்கும், அதனால் மிர்-200 இன்னும் ஏறும். ஒன்றையொன்று எதிர்க்கும் இத்தகைய அமைப்பு நடுவில் நிற்பதில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். கர்ப்ப காலம் நீண்டிருந்தும் வலி மட்டும் தொடங்கிய பிறகு வேகமெடுப்பதற்கு இது ஒரு காரணமாக எனக்குப் படுகிறது.

மகப்பேறு மிஸ்ஸி (தெலுக் இந்தான்) எழுதியது:

டீச்சர், உங்கள் அக்காவுக்கும் குழந்தைக்கும் என் வாழ்த்துகள். தம்பி மூலக்கூறு தசையைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். பிரசவ அறையில் பல ஆண்டுகள் மிஸ்ஸியாக (செவிலியராக) வேலை பார்த்தவள் என்ற முறையில் நான் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலில், அந்த இரண்டு பெண்களையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஒருவருக்குத் தலைப்பிரசவம், மற்றவருக்கு மூன்றாவது. முன்பே பிள்ளை பெற்றவரின் கருப்பை வாய் விரைவில் வழிவிடும். வலியை வரவழைப்பதற்கு முன் நாங்கள் கருப்பை வாயைப் பரிசோதித்து, எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, எவ்வளவு மென்மையாக இருக்கிறது, எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மதிப்பெண் போடுவோம். 1964இல் எட்வர்ட் பிஷப் வகுத்த முறை அது. மதிப்பெண் குறைவாக இருந்தால் புரோஸ்டாகிளாண்டின் மருந்து வைப்போம், அல்லது சிறிய பலூன் கொண்ட குழாயைச் செலுத்துவோம். கருப்பை வாயில் தசை குறைவு, கொலாஜன் நாரே மிகுதி. அது இளகுவதற்கு வேறு நொதிகளும் வேறு மரபணுக்களும் வேலை செய்ய வேண்டும். மேலே தசை தயாராகியும் கீழே வாய் இளகாமல் இருக்கலாம், அதன் மறுதலையும் நடக்கலாம்.

இரண்டாவதாக, டிரிப்பைக் கூட்டிக்கொண்டே போனால் வேலை முடிந்துவிடும் என்று உறவினர்கள் சில நேரம் எங்களை வற்புறுத்துவார்கள். அளவைக் குறைவாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகத்தான் ஏற்ற வேண்டும். 10 நிமிடத்தில் 5 முறைக்கு மேல் கருப்பை சுருங்கினால், இடையில் ஓய்வு இல்லாமல் நஞ்சுக்கொடிக்கு வரும் இரத்தம் குறைந்து, குழந்தையின் இதயத் துடிப்பு தடுமாறும். அதோடு, நீண்ட நேரம் ஆக்சிடோசின் பட்ட தசையில் ஏற்பிகள் குறைந்துவிடுகின்றன. அந்த ஏற்பிக்கான ஆர்.என்.ஏ.கூட வெகுவாகக் குறைந்திருப்பதைத் திசு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நீண்ட நேரம் டிரிப் ஓடிய தாய்க்குப் பிள்ளை பிறந்த பிறகு கருப்பை சரியாக இறுகாமல் இரத்தப்போக்கு ஏற்படும் ஆபத்து கூடுதல் என்பதை நாங்கள் மறப்பதில்லை. அத்தகைய தாய்மாரின் வயிற்றில் கை வைத்துக்கொண்டே நிற்போம்.

விளக்கெண்ணெயைப் பற்றி அம்மா சொன்னதை நான் மதிக்கிறேன். மருத்துவமனைக்குப் போகப் பாதையும் வண்டியும் இல்லாத காலத்தில் அந்த மருத்துவச்சிகள் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார்கள். விளக்கெண்ணெய் கருப்பையைத் தூண்டுவது உண்மைதான். குடலில் அதிலிருந்து பிரியும் ரிசினோலெயிக் அமிலம், ஈ.பி.-3 என்ற புரோஸ்டாகிளாண்டின் ஏற்பியில் வேலை செய்து குடலையும் கருப்பையையும் சேர்த்தே சுருங்க வைக்கிறது என்பது 2012இல் சுண்டெலிகளில் நிறுவப்பட்டது. பிரச்சினை அதற்கு அளவுக் கட்டுப்பாடு இல்லாததுதான். டிரிப்பை நிறுத்தினால் சில நிமிடங்களில் மருந்தின் வேகம் தணியத் தொடங்கும். குடித்த எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியாது. வயிற்றுப்போக்கால் தாய் சோர்ந்து வருவதையும் நான் பார்த்திருக்கிறேன். முன்பு சிசேரியன் ஆன பெண் தானாக எதையாவது குடித்து வலியை வரவழைத்துக்கொண்டால், பழைய தழும்பில் கருப்பை கிழியும் ஆபத்து இருக்கிறது. மலாய்க்காரத் தாய்மார் சிலர் குடிக்கும் ரும்புட் பாத்திமா என்ற மூலிகை ஊறிய நீருக்கும் இதையே சொல்வேன். எதைக் குடித்திருந்தாலும் மிஸ்ஸியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைப்பதால்தான் எங்களுக்குச் சிக்கல் பெரிதாகிறது.

சிப்புட் டீச்சர் எழுதியது:

தம்பிக்கும் மிஸ்ஸி அக்காவுக்கும் மிக்க நன்றி. வகுப்பில் நேரடியாகப் பயன்படுத்தக்கூடிய அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. புரோஜெஸ்டிரோனின் பிடி தளர்கிறது என்றால், தளர்த்துவது யார்? குழந்தையா, தாயின் உடலா, நஞ்சுக்கொடியா? அடுத்து, இரட்டைக் குழந்தைகள் பெரும்பாலும் மாதம் நிறையும் முன்பே பிறந்துவிடுவதற்கும் இந்த மரபணு மாற்றத்துக்கும் தொடர்பு உண்டா?

மூலக்கூறு எழுதியது:

இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்கினால் முதலாவதும் எளிதாகும். கருப்பை கர்ப்பத்துக்கு முன் ஏறத்தாழ 70 கிராம் எடைதான் இருக்கும்; நிறைமாதத்தில் அது 1,100 கிராமை எட்டுகிறது. முதலில் செல்கள் பெருகுகின்றன, பிறகு ஒவ்வொரு செல்லும் பருக்கிறது. குழந்தை வளரும் வேகத்துக்குத் தசையின் வளர்ச்சி ஈடுகொடுக்கும்வரை இழுவிசை மட்டாக இருக்கும். கடைசி வாரங்களில் குழந்தை வளர்ந்துகொண்டே போக, தசை முழுவதுமாக நீட்டப்படுகிறது.

இதைச் சோதிக்க டொராண்டோவில் ஸ்டீபன் லை குழுவினர் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வை நான் எப்போதும் வியப்போடு நினைப்பேன். எலிக்குக் கருப்பை இரண்டு கொம்புகளாகப் பிரிந்திருக்கும். ஒரு கொம்பில் மட்டும் குட்டிகள் வளருமாறு செய்தார்கள். இரண்டு கொம்புகளிலும் ஓடுவது ஒரே இரத்தம், ஒரே ஹார்மோன்கள். பிரசவ நேரத்தில் குட்டிகள் இருந்த கொம்பில் கனெக்சின்-43 நன்றாக ஏறியது, வெற்றுக் கொம்பில் ஏறவில்லை. வெற்றுக் கொம்புக்குள் ஒரு குழாயை வைத்து விரித்தபோது அங்கும் ஏறியது. ஆனால் புரோஜெஸ்டிரோன் கொடுத்து வைத்திருந்தால், விரித்தாலும் ஏறவில்லை. இழுவிசை ஒரு காரணம், ஹார்மோன் பிடி தளர்வது இன்னொரு காரணம், இரண்டும் சேர்ந்தால்தான் மரபணு விழிக்கிறது என்பதை இவ்வளவு நேர்த்தியாக வேறு எவரும் காட்டியதாக நான் படித்ததில்லை. இரட்டைக் குழந்தைகளும், பனிக்குட நீர் மிகுதியாக உள்ள கர்ப்பமும் முன்னதாகவே வலியில் முடிவதற்கு இந்த இழுவிசை முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

தளர்த்துவது யார் என்ற கேள்விக்கு விலங்குக்கு விலங்கு விடை வேறுபடுகிறது. நியூசிலாந்தில் கிரகாம் லிக்கின்ஸ் 1960களில் ஆடுகளை ஆராய்ந்து, கருவில் உள்ள குட்டியின் பிட்யூட்டரியை அழித்தால் பிரசவமே தள்ளிப் போவதையும், குட்டிக்கு கார்டிசோல் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனைக் கொடுத்தால் முன்னதாகவே பிரசவம் ஆவதையும் கண்டார். ஆட்டில் நாளைக் குறிப்பது குட்டிதான். சுண்டெலியில் குட்டியின் முதிர்ந்த நுரையீரல் சுரக்கும் ஒரு புரதம் அழற்சியைத் தூண்டித் தாயின் கருப்பையை எழுப்புகிறது என்று 2004இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மூச்சுவிட ஆயத்தமாகிவிட்டேன் என்று குட்டியே அறிவிப்பது போன்ற ஏற்பாடு அது. மனிதரில் நஞ்சுக்கொடி சி.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. தாயின் இரத்தத்தில் அதன் அளவு ஏறும் விதம், பிரசவம் முந்துமா பிந்துமா என்பதோடு தொடர்புடையது என்று 1995இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசிலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்தச் செய்திகளெல்லாம் தசையில் வந்து சேரும்போது அழற்சியின் மொழியில் பேசுகின்றன: அழற்சிச் செய்தியைக் கடத்தும் இன்டர்லூக்கின்கள் கூடுகின்றன, வெள்ளையணுக்கள் தசைக்குள் நுழைகின்றன, என்.எஃப்.-கப்பா-பி போன்ற கட்டுப்படுத்திகள் மரபணுக்களில் அமர்ந்து படியெடுப்பை முடுக்குகின்றன. நோய்த்தொற்று ஏற்பட்ட கர்ப்பிணிக்கு மாதம் நிறையும் முன்பே வலி வந்துவிடுவதும் இந்த வழியால்தான். சிறுநீர்த் தொற்றைக்கூட அலட்சியம் செய்யாதீர்கள் என்று கிளினிக்கில் சொல்வதன் பின்னணி இதுவே.

தைப்பிங் மருந்தாளர் எழுதியது:

மேலே எழுதியவை பயனுள்ளவை. எனினும் ஒரு தடையை எழுப்ப விரும்புகிறேன். இந்த மரபணு வெளிப்பாட்டுச் செய்திகளில் மனிதரைப் பற்றியவை பெரும்பாலும் சிசேரியனின்போது கருப்பையின் கீழ்ப்பகுதியில், வெட்டிய விளிம்பிலிருந்து எடுத்த சிறு தசைத் துண்டுகளை வைத்துச் சொல்லப்படுபவை. வலி வராமல் திட்டமிட்டு அறுவை செய்துகொண்டவர்கள் ஒரு குழு, வலி வந்த பிறகு அறுவை செய்யப்பட்டவர்கள் மற்றொரு குழு. வலி வந்தும் சிசேரியன் வரை போனவருக்குப் பெரும்பாலும் ஏதோ ஒரு சிக்கல் இருந்திருக்கும். இயல்பாகப் பிள்ளை பெற்றவரின் தசையை யாரும் வெட்டிப் பார்ப்பதில்லை. அந்தத் துண்டில் தசைச் செல் மட்டும் இல்லை, இரத்தக்குழாய்ச் செல், வெள்ளையணு, நார்ச் செல் எல்லாம் கலந்திருக்கும். அழற்சி மரபணு ஏறியது என்று கண்டால், தசைதான் அதைப் படியெடுத்ததா, புதிதாக வந்து சேர்ந்த வெள்ளையணுக்கள் கொண்டுவந்ததா என்று கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பல மணி நேரம் சுருங்கிக் களைத்த தசையில் காணும் மாற்றம் வலியின் காரணமா, விளைவா?

இதை வீண் வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புரோஜெஸ்டிரோன் பிடியைப் பற்றிய கருத்தை நம்பி உருவான ஒரு மருந்தின் வரலாறு நம் முன் இருக்கிறது. குறைப்பிரசவம் மீண்டும் நேராமல் தடுப்பதற்கென்று, புரோஜெஸ்டிரோனை ஒத்த ஓர் ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் 2011இல் அனுமதி கிடைத்தது. பின்னர் செய்த பெரிய ஆய்வில் பயன் உறுதியாகாததால் 2023இல் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. கருப்பை வாயின் நீளம் குறைந்துபோன பெண்களுக்குப் பிறப்பு வழியில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் பயன் தருகிறது என்பது உண்மை. ஆனால் எல்லாருக்கும் ஒரே வழி என்று கிடையாது. 2020இல் மட்டும் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையும் முன் பிறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. எண்ணிக்கை அப்படி இருக்கும்போது, தசையைப் பற்றி நாம் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் சான்று எவ்வளவு உறுதியானது என்று பார்ப்பது கடமை.

மூலக்கூறு எழுதியது:

ஐயா எழுப்பிய தடை நியாயமானது. எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. செல்களைத் தனித்தனியே பிரித்து ஒவ்வொன்றின் ஆர்.என்.ஏ.யையும் படிக்கும் முறை வந்த பிறகு, எந்த மாற்றம் தசைச் செல்லுடையது, எது வெள்ளையணுவுடையது என்று வேறுபடுத்த வழி பிறந்திருக்கிறது.

காரணமா, விளைவா என்பதற்குச் சுண்டெலியிடமிருந்து ஒரு முக்கியமான விடை உண்டு. அதன் கர்ப்பம் ஏறத்தாழ 19 நாள். 2020இல் வெளிவந்த ஆய்வில், வலி தொடங்குவதற்குச் சில நாள் முன்பே, சுருக்கத்துக்குத் தேவையான மரபணுக்கள் உள்ள இடங்களில், டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ‘திறந்திருக்கிறது’ என்பதைக் காட்டும் அசெட்டைல் குறிகள் இடப்பட்டிருப்பதைக் கண்டார்கள். வலி தொடங்கியபோது புதிதாகக் கூடியது, அந்த மரபணுக்களின் மேல் ஓடிப் படியெடுக்கும் நொதியின் நடமாட்டம்தான். ஒரு சுருக்கமும் நிகழாத நாளிலேயே தசை உள்ளூர ஆயத்தமாகிவிட்டது என்பதால், எல்லாவற்றையும் களைப்பின் விளைவு என்று தள்ளிவிட முடியாது.

இரு பெண்களுக்கிடையிலான வேறுபாட்டுக்கும் சில தடயங்கள் உள்ளன. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014இல், கருப்பைத் தசையை அமைதிப்படுத்தும் ஒரு பொட்டாசிய வாயிலின் (செல் சவ்வில் பொட்டாசியம் கடந்து செல்லும் புரத வழியின்) செயல் பிரசவத்தில் இயல்பாகக் குறைந்துவிடுவதையும், உடல் எடை மிக அதிகமாக உள்ள பெண்களில் அது குறையாமல் நீடிப்பதையும் காட்டினார்கள். அவர்களுக்கு வலி வலுப்பெறத் தாமதமாவதற்கு அது ஒரு காரணம். பிறப்பிலேயே அமைந்த டி.என்.ஏ. வேறுபாடுகளுக்கும் பங்கு உண்டு: ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த 43,568 பெண்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்தின் நீளத்தோடு தொடர்புடைய சில மரபணு இடங்கள் தென்பட்டன. ஒவ்வொன்றின் விளைவும் சிறியதே. அந்த ஆய்வில் நம் இனத்துப் பெண்கள் இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. மலேசியத் தமிழ்ப் பெண்களின் கர்ப்ப காலத்தைப் பற்றி நம் நாட்டிலேயே இத்தகைய ஆய்வு நடக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

சிப்புட் டீச்சர் எழுதியது:

மருந்தாளர் ஐயாவின் தடையால் விளக்கம் இன்னும் தெளிவானது, மூவருக்கும் நன்றி. அக்கா கேட்கச் சொன்ன ஒரே கேள்வி மீதமிருக்கிறது: அடுத்த பிரசவத்திலும் தன் கருப்பைத் தசை இப்படித்தான் பிந்துமா?

மகப்பேறு மிஸ்ஸி எழுதியது:

அப்படி முடிவு கட்டத் தேவையில்லை என்று அவரிடம் சொல்லுங்கள், டீச்சர். குறித்த தேதி கடப்பது முதல் பிள்ளைக்கு அதிகம் நடக்கும். ஒரு முறை கடந்தவருக்கு மறுமுறையும் கடக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல். ஆனாலும் பலருக்கு அடுத்த முறை தானாகவே வலி வந்துவிடுகிறது. மருந்து வைக்க நேர்ந்தாலும், ஒரு முறை பிறப்பு வழியாகப் பிள்ளை பெற்றவருக்கு இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் குறைந்த நேரத்தில் முடியும்.

அடுத்த கர்ப்பத்தில் முதல் முறை கிளினிக்குக்குப் போகும்போதே, இந்தப் பிரசவம் மருந்தால் தொடங்கியது, டிரிப் நீண்ட நேரம் ஓடியது, பிறந்த பிறகு இரத்தப்போக்கு எப்படி இருந்தது என்பதையெல்லாம் பதிவுப் புத்தகத்தில் எழுதச் சொல்லட்டும். அதைப் பார்த்துத்தான் ஆபத்தின் அளவைக் காட்டும் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற நிறக் குறிகளில் எதை ஒட்டுவது, யார் கவனிப்பது, எந்த மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பது என்று முடிவு செய்வார்கள். இந்த முறை கொடுத்த சிகிச்சைச் சுருக்கத் தாளை அவர் பத்திரமாக வைத்திருக்கட்டும்.